வீழ்ந்த வீரரை எழுப்பிய வித்தகர்

போர்க்களத்தில் மார்பிலே வேல் தாங்கி மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டவர் பண்டைத் தமிழர். அக்கல்லில் அவனுடைய பெயரையும் பெருமையையும் பொறித்தனர், மயிற்பீலி சூட்டினர், மாலையிட்டு வணங்கினர். முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றினர். மாண்டவனுக்குப் புகழ் உண்டு. வென்று மீண்டவனுக்குப் பரிசில் உண்டு. ஆனால், மாளவும் மாட்டாமல், எழுந்து நடக்கவும் மாட்டாமல், உடல் முறிந்து கட்டிலிற் கிடக்கும் வீரனுக்கு என்ன உண்டு? இவ்வினா ஒரு நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. போர் ஒரு நாள் முடிந்துவிடும்; முரசொலி அடங்கும்; பகைவரும் கைகொடுத்துக் கொள்வர். புண்பட்ட வீரனுக்கோ போர் முடிவதில்லை. அவன் உயிருள்ள அளவும் அஃது அவனுடைய உடலிலேயே நடந்து கொண்டிருக்கும். அத்தகையோர்க்கு வாழ்வளிப்பதையே தம் வாழ்வாகக் கொண்ட மருத்துவப் பேரறிஞர் ஒருவர் இருந்தார். லுட்விக் குட்மன் என்பது அவர் பெயர்.

இளமையும் கல்வியும்

குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள், அக்காலத்தில் ஜெர்மனி நாட்டின் கிழக்கெல்லையில் இருந்த சைலீசியாப் பகுதியில், டோஸ்ட் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்துள்ளது. சைலீசியா நிலக்கரிச் சுரங்கங்கள் மலிந்த நிலப்பகுதி. சுரங்கத்துள் இறங்கிய தொழிலாளர் பலர் மண் சரிந்தும் பாறை வீழ்ந்தும் உடல் சிதைவது அங்கு அடிக்கடி நிகழ்வதாகும். அவர்களுக்கென அமைந்த மருத்துவமனை ஒன்றில் 1917ஆம் ஆண்டு இளைஞராகிய குட்மன் ஏவலராகப் பணியாற்றினார்.

ஒருநாள் சுரங்கத் தொழிலாளி ஒருவனை அங்கே தூக்கி வந்தனர். அவன் கட்டுறுதி வாய்ந்த இளைஞன். விபத்தில் அவனுடைய முதுகெலும்பு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. மருத்துவர்கள் அவனுடைய முதுகைச் சாந்துக் கட்டால் இறுக்கினர். பிற நோயாளிகளின் கண்ணிற் படாதவாறு திரையொன்றை இட்டு மறைத்தனர். அவனைப் பற்றிய குறிப்புகளை விரிவாக எழுதத் தொடங்கிய குட்மனைத் தடுத்து, சில கிழமைகளில் இறந்துவிடப் போகும் ஒருவனுக்கு அத்துணைக் குறிப்புகள் வேண்டா என அறிவித்தனர். அவர்கள் கூறியவாறே ஐந்து கிழமைகளில் அவன் மாண்டான். மருத்துவர்களின் நெஞ்சில் ஈரமில்லை என்பதன்று. அத்தகைய நோயாளியைக் காக்க வழியில்லை என்று அந்நாளைய மருத்துவ உலகம் முழுவதும் நம்பியிருந்தது. திரைக்குப் பின்னே தனித்துக் கிடந்து உயிர்விட்ட அவ்விளைஞனின் உருவம் குட்மனின் உள்ளத்தில் அழியா ஓவியமாகப் பதிந்தது.

1918ஆம் ஆண்டில் அவர் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். பிரெஸ்லௌ, பிரைபர்க் என்னும் நகரங்களிற் பயின்று 1924ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பிரெஸ்லௌவில், மூளையும் நரம்பும் பற்றிய துறையில் உலகப் புகழ் பெற்றிருந்த ஓட்பிரிட் பெர்ஸ்டர் என்னும் பேராசிரியரிடம் துணைவராக அமர்ந்தார். கடுமையாக உழைக்கும் அவ்வாசிரியரின் நிழலில் நரம்பு மருத்துவத்தின் நுட்பங்களை ஐயமறக் கற்றார். சில ஆண்டுகளிலேயே அந்நாட்டின் சிறந்த நரம்பு மருத்துவர்களுள் ஒருவராக விளங்கினார்.

நாடிழந்த நாள்

1933ஆம் ஆண்டு ஹிட்லரின் கட்சி ஜெர்மனியில் ஆட்சியைக் கைப்பற்றியது. யூதர் எவரும் பொது மருத்துவமனைகளில் பணிபுரியலாகாது என ஆணை பிறந்தது. குட்மன் தம் பதவியை இழந்து, பிரெஸ்லௌவிலிருந்த யூத மருத்துவமனையிற் சேர்ந்தார். 1937ஆம் ஆண்டு அதன் தலைமை மருத்துவர் ஆனார்.

1938ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இரவு நாடெங்கும் யூதருடைய கோயில்கள் எரியூட்டப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, ஆடவர் பல்லாயிரவர் சிறைப்படுத்தப்பட்டனர். அவ்விரவில் மருத்துவமனையின் வாயிலை நாடி வரும் எவரையும் காரணம் கேளாமல் நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு குட்மன் தம் பணியாளரைப் பணித்தார். அவ்வாறு சேர்ந்தோர் 64 பேர். மறுநாள் காலையில் இரகசியக் காவலர் வந்து, இத்துணைப் பேர் ஒரே இரவில் நோயுற்றது எவ்வாறு என்று வினவினர். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயைக் கூறி நிலைநாட்டினார். தம் உயிரைப் பணயம் வைத்து அவர் ஆற்றிய அச்செயலால் 60 பேர் சிறைக்குத் தப்பினர்.

இனி அந்நாட்டில் வாழ்தல் அரிது என்பதை அவர் உணர்ந்தார். நோயாளி ஒருவரைக் காண்பதற்காக ஜெர்மானிய அரசே அவரைப் போர்த்துகல் நாட்டிற்கு அனுப்பியது. அங்கிருந்து திரும்பும் வழியில் இலண்டனிற் சிறிது தங்கியபோது, அறிஞர்களுக்குப் புகலளிக்கும் கழகமொன்றின் உதவியால் இங்கிலாந்திற் குடியேற அவருக்கு வழி பிறந்தது. 1939ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மனைவி எல்சியுடனும் இரண்டு இளங்குழந்தைகளுடனும் அவர் இங்கிலாந்தின் கரையில் இறங்கினார். அவருடைய புகழ் கடலைக் கடந்து வரவில்லை. ஆக்ஸ்போர்டு நகரில் ஆராய்ச்சியாளராக அமர்ந்து அமைதியாக நாட்களைக் கழித்தார். நோயாளிகளைத் தொட்டு மருத்துவம் செய்யும் வாய்ப்பு அவருக்குப் பெரும்பாலும் கிட்டவில்லை.

முறிந்த முதுகெலும்பு

நம் உடலில் மூளையின் ஆணைகளைக் கைகால்களுக்குக் கொண்டு செல்வதும், கைகால்களின் உணர்ச்சியை மூளைக்குத் தெரிவிப்பதும் முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடமாகும். அஃது அறுபட்டால், அறுபட்ட இடத்துக்குக் கீழே உடல் இருந்தும் இல்லாததாகிறது. நலமுடையோர் உறக்கத்திலும் தம்மையறியாமற் புரண்டு படுக்கின்றனர். தண்டுவடம் அறுபட்டவனோ ஒரே கிடையாகக் கிடக்கின்றான். அழுத்தத்தால் குருதியோட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகுகின்றது. அவ்வலியும் அவனுக்குத் தெரிவதில்லை. இங்ஙனம் தோன்றும் படுக்கைப் புண் எலும்பு வரையில் ஆழ்ந்து செல்லும். சிறுநீர் தானே வெளியேறாமல் தேங்கி நச்சுக்கிருமிகளை வளர்க்க, அவை சிறுநீரகத்தைத் தாக்கும். ஆகவே, அவன் உயிரைக் கொள்ளை கொள்வது முதுகிற் பட்ட காயமன்று. பின்னர் வந்து சேரும் இவ்விரு கேடுகளே. முதல் உலகப் போரில் தண்டுவடம் அறுபட்ட வீரருட் பெரும்பாலோர் இவற்றாலேயே மாண்டனர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரான்சு நாட்டின் கரையில் பெரும்படையை இறக்க நேச நாட்டினர் திட்டமிட்டனர். அப்போரில் முதுகெலும்பு முறிந்து மீள்வோர் பலராவர் என்பதை இங்கிலாந்து அரசு முன்னதாகவே கருதிப் பார்த்தது. அவர்களுக்கெனத் தனி மருத்துவ நிலையம் ஒன்று வேண்டுமென முடிவு செய்து, 1943ஆம் ஆண்டில் அதன் பொறுப்பை ஏற்குமாறு குட்மனை வேண்டியது. பயனற்ற பணி எனப் பலரும் ஒதுக்கிய ஒன்றை அவர் உவந்து ஏற்றார். தம் முறைப்படியே மருத்துவம் நடைபெற வேண்டும் என்பது ஒன்றே அவர் விதித்த நிபந்தனை.

இரவிலும் உறங்காத பணி

1944ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், அயில்ஸ்பரி நகருக்கு அருகிலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அந்நிலையம் திறக்கப்பெற்றது. கட்டில்கள் 26, முதல் நாளில் இருந்த நோயாளியோ ஒருவர். ஜூன் திங்களில் பிரான்சுக் கரையிற் படை இறங்கிய பின்னர்ப் புண்பட்ட வீரர் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். அவர்களுட் பலர் இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆனவர்கள்.

குட்மன் முதலில் திரையை நீக்கினார். சாந்துக் கட்டுகளை அவிழ்த்தெறிந்தார். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முதல் விதி. பகலில் மட்டுமன்று, நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அவ்விதி தவறலாகாது. அதனைச் செய்கின்றனரா என்று காண அவரே இரவில் எழுந்து வந்து கட்டில்களினிடையே உலாவுவார். சிறுநீரைக் குழாய் வழியே வெளியேற்றும் பணியைத் தூய்மை சிறிதும் குன்றாமற் செய்யும் முறையை அவர் தம் கையாலேயே செய்து காட்டினார். தலைமை மருத்துவர் செய்யத் தகாத சிறு பணிகள் இவை என எண்ணியோரும் உண்டு. உயிர் காப்பன இச்சிறு பணிகளே என்பதை அவர் அறிந்திருந்தார். புண்கள் ஆறின, காய்ச்சல் தணிந்தது, மாள்வர் எனக் கைவிடப்பட்டோர் பிழைத்தனர்.

உடல் பிழைத்தபின் உள்ளம் பிழைக்க வேண்டும். அதுவே அரிதாயிற்று. நடக்க இயலாதவன் வாழ்ந்து யாருக்குப் பயன் என்று பல வீரர்கள் சுவரை நோக்கிக் கிடந்தனர். நேற்றுவரை படையை நடத்தியவர்கள் இன்று பிறர் கையால் உண்ண நாணினர். குட்மன் அவர்களைக் கண்டு இரங்கி ஆறுதல் மொழிந்து நின்றவரல்லர். எழுந்து உட்காருமாறு கண்டிப்புடன் ஆணையிட்டார்; தோள்களையும் கைகளையும் வலிமைப்படுத்தும் பயிற்சிகளைக் கொடுத்தார்; மரவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், தட்டெழுத்து முதலிய தொழில்களைக் கற்பித்தார். அவருடைய கடுமையை முதலில் வெறுத்தவர்களும் உண்டு. நாளடைவில் அக்கடுமையின் உள்ளே இருந்த அன்பை அறிந்து, அவரை அப்பா என்னும் பொருள்பட அழைக்கலாயினர்.

இரக்கம் வேறு, மதிப்பு வேறு என்பது குட்மனின் கொள்கை. இரக்கம் வீரனைக் கட்டிலிலேயே கிடத்திச் சோறூட்டும். மதிப்பு அவனிடம் உழைப்பை எதிர்பார்க்கும். நாட்டுக்காக உடலை ஈந்தவனுக்கு நாடு செய்ய வேண்டுவது, அவன் மீண்டும் தன் இல்லத்தில் தலைவனாகவும், தொழிலிடத்தில் தொழிலாளனாகவும், ஊரில் ஒருவனாகவும் வாழ வழி செய்வதே என அவர் கருதினார். வீடு திரும்பிய பின்னும் தண்டுவடக் காயம் உற்றவர்க்கு மருத்துவப் பாதுகாப்பு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தினார்.

வில்லேந்திய வீரர்

ஒருநாள் சக்கர நாற்காலியில் அமர்ந்த வீரர் சிலர், கைத்தடிகளைத் தலைகீழாகப் பிடித்து வட்டொன்றை அடித்து ஆடிக் கொண்டிருந்ததைக் குட்மன் கண்டார். அவர்கள் முகத்தில் நெடுநாளாகக் காணாத மலர்ச்சி தோன்றியது. ஆட்டத்தின் ஆற்றலை அவர் உடனே உணர்ந்தார். மருந்தால் ஊட்ட இயலாத ஊக்கத்தை விளையாட்டு ஊட்டும். போட்டியில் ஈடுபட்ட உள்ளம் தன் குறையை மறக்கும். பந்தாட்டமும் வில்வித்தையும் மருத்துவத்தின் பகுதிகளாயின. அவற்றுள் வில்வித்தை மிகவும் ஏற்றதாக இருந்தது. வில்லை வளைத்தலால் தோளும் மார்பும் உரம் பெறும். அமர்ந்தவாறே, நிற்பவரோடு ஒப்பப் போட்டியிடவும் இயலும்.

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒலிம்பிக்கு விளையாட்டுகள் தொடங்கின. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் புல்வெளியிலும் ஒரு விளையாட்டு விழா நடைபெற்றது. போரிற் புண்பட்ட ஆடவர் 14 பேரும் பெண்டிர் இருவரும் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லேந்தி நின்றனர். இரண்டு நிலையங்களைச் சேர்ந்தோர் எதிரெதிர் அணியாக அம்பெய்தனர். பார்த்தோர் சிலரே. எனினும், அச்சிறு விழாவே பெருமரமாகப் போகும் விதை. உடற்குறை உற்றோர்க்கும் ஒலிம்பிக்கு விழாவுக்கு ஒப்பான விழா ஒருநாள் அமையும் என்று குட்மன் அடுத்த ஆண்டிலேயே அறிவித்தார்; கேட்டோர் பலர் அதனைக் கனவென்றே எண்ணினர்.

விழா ஆண்டுதோறும் வளர்ந்தது. 1952ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் முன்னாட் படைவீரர் கடல் கடந்து வந்து கலந்துகொள்ள, அஃது உலக விழா ஆயிற்று. 1960ஆம் ஆண்டு உரோமாபுரியில் ஒலிம்பிக்கு விழா முடிந்ததும், 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் அங்குக் கூடிப் போட்டியிட்டனர். அவர்கள் தங்கிய இடங்களிற் படிகள் தடையாக இருந்தமையால், இத்தாலி நாட்டுப் படைவீரர் அவர்களை நாற்காலியோடு தூக்கிச் சென்றனர். முன்னொரு காலத்தில் பகைவராய் நின்ற நாட்டாரை அந்நாட்டு வீரர் தம் தோளில் தாங்கிய காட்சி அது. அவ்விழாவே முதலாவது பாராலிம்பிக்கு விழாவாக இன்று கொள்ளப்படுகின்றது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ நகரிலும் அது நடைபெற்றது.

பிறந்த நாட்டில் பெருமை

1972ஆம் ஆண்டு விழா ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகரில் நடைபெற்றது. யூதர் என்பதற்காகப் பதவி இழந்து, மனைவி மக்களோடு வெளியேறிய அதே நாட்டிற்குக் குட்மன் அவ்விழாவின் தலைவராகச் சென்றார். தம்மை வெறுத்த நாட்டை அவர் வெறுக்கவில்லை. தண்டுவடம் அறுபட்டவன் எந்நாட்டவன் ஆயினும் அவனுக்கு வேண்டுவது ஒன்றே என்பது அவர் அறிந்த உண்மை.

அவ்விழா இந்தியருக்கும் மறக்கொணாதது. நம் நாட்டுத் தரைப்படையிற் பணிபுரிந்த முரளிகாந்து பேட்கர் என்னும் வீரர் 1965ஆம் ஆண்டுப் போரிற் பல குண்டுகள் பாய்ந்து செயலிழந்தவர். முன்னர்க் குத்துச்சண்டையிற் சிறந்திருந்த அவர், மருத்துவத்தின் பொருட்டு நீச்சலைப் பயின்றார். ஹைடல்பர்க் விழாவில் 50 மீட்டர் நீச்சற் போட்டியில் உலகச் சாதனை நிகழ்த்தித் தங்கப்பதக்கம் வென்றார். பாராலிம்பிக்கு விழாவில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. இரண்டு ஆண்டுகளின் பின்னர், முதுகெலும்பு முறிந்த படைவீரர்க்கென நம் நாட்டிலும் புனேயை அடுத்த கட்கியில் மறுவாழ்வு நிலையம் ஒன்று தோன்றியது.

இறுதிக் காலம்

இங்கிலாந்து அரசு 1966ஆம் ஆண்டு குட்மனுக்குச் சர் பட்டம் வழங்கியது. அரச அறிவியற் கழகம் 1976ஆம் ஆண்டு அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. மருத்துவமனைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஊனமுற்றோர்க்கென விளையாட்டரங்கம் ஒன்று அமையப் பாடுபட்டார். 1969ஆம் ஆண்டு அரசியார் இரண்டாம் எலிசபெத்து அதனைத் திறந்து வைத்தார். 1980ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், எண்பதாம் வயதில் குட்மன் இயற்கை எய்தினார்.

அவர் இட்ட விதை இன்று ஆலமரமாகத் தழைத்துள்ளது. 16 பேருடன் தொடங்கிய விழா, 2012ஆம் ஆண்டு இலண்டன் மாநகருக்கு மீண்டபோது 164 நாடுகளிலிருந்து நாலாயிரவருக்கு மேற்பட்டோர் அதிற் பங்கு கொண்டனர். போரிற் புண்பட்டோர்க்கென அமைந்த வழி, பிறவியிலேயே குறையுற்றோர்க்கும் விபத்தில் உறுப்பிழந்தோர்க்கும் வாயிலாயிற்று. சேலம் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, இளமையிற் காலில் ஊனமுற்ற மாரியப்பன் தங்கவேலு 2016ஆம் ஆண்டு உயரத் தாண்டலில் தங்கம் வென்றது அவ்விழாவிலேயாகும்.

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாளை நம் நாட்டில் கொடிநாளாகக் கொண்டாடுகின்றோம். 1949ஆம் ஆண்டு முதல் நடைபெறும் அந்நாளில் மாணவரும் மற்றோரும் சிறு பொருள் ஈந்து சிறு கொடியைச் சட்டையில் அணிகின்றனர். அப்பொருள் முன்னாட் படைவீரர்க்கும், புண்பட்டோர்க்கும், மாண்டோரின் குடும்பத்தினர்க்கும் உதவுகின்றது. கொடியை அணிந்து செல்லும்போது, எங்கோ ஒரு கட்டிலில் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் கைகளையும் நினைத்தல் வேண்டும். மாண்ட வீரனுக்குக் கல் நாட்டுதல் ஒரு நாட் பணி. புண்பட்டு மீண்டவனுக்குத் துணை நிற்றலோ அவன் வாழ்நாள் உள்ள அளவும் செய்யும் பணி. திரைக்குப் பின்னே மாண்ட ஓர் ஏழைத் தொழிலாளியை மறவாத உள்ளம் ஒன்று அப்பணியின் பெருமையை உலகுக்கு உணர்த்தியது.